முதலில் யார்?

ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் வயற்காரர் இருவருக்குள் தண்ணீர்ச் சச்சரவு மூண்டால், வயல்நீரைப் பங்கிடும் வட்டவிதானையார் அவர்களை வாய்க்கால் வரம்புக்கே அழைத்துப் போய், வெயிலைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் நடக்கவிருக்கும் கலியாணங்களைப் பற்றியும் நெடுநேரம் சம்பாஷித்து, வந்த காரியத்தையே மறந்தவர்போல் இருந்து, கடைசியில் இருவர் கையையும் ஒரே மதகுப் பலகையில் வைப்பித்து, "சரி, தூக்குங்கோ" என்பார். முதலில் இணங்கியவர் யார் என்ற வினா எழ அங்கே இடமில்லை; மறுநாள் ஒரே தேத்தண்ணிக் கடையில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

2006 ஜூலையில், சிறுபோக வேளாண்மை நீருக்கு ஏங்கிநின்ற சமயத்தில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த அப்பக்கத்து மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது, எனக்கு அந்தப் பலகையே நினைவில் வந்தது. கீழே சேருநுவர, கல்லாறு முதலிய இடங்களில் பயிர் வாடியது. மேலே, தங்களுக்குக் குடிநீர்த் திட்டம் கிட்டவில்லை என்பது தமிழ்ச் சனங்களின் முறைப்பாடு. நடுவில் நின்றவர்களோ 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த ஒப்பந்தத்தின்படி வந்த நோர்டிக் நாட்டுக் கண்காணிப்பாளர்கள். அவர்களின் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சன், சுவீடன் நாட்டு ஓய்வுபெற்ற தளபதி. அவ்வாண்டு மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்திருந்தபடியால், ஒன்றிய நாட்டவர் கண்காணிப்பில் இருக்கலாகாதென்று புலிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்தியஸ்தரின் கடவுச்சீட்டே வழக்கில் ஒரு கட்சியாகிவிட்ட விசித்திரம் அது!

அவர்களுடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், ஒருவர் நிபந்தனையைத் தெளிவாகக் கேட்டு, அதைத் திரிக்காமல் மற்றவரிடம் சேர்ப்பித்து, எழுத்தில் ஒப்பம் பெறுவதையே கண்ணியமான மார்க்கமாகக் கொண்ட தேசத்தவர்கள் அவர்கள். நம்மவர்களுக்கோ, ஊரறிய ஒருமுறை சொல்லிவிட்ட நிபந்தனை, பின்வாங்கினால் மானம் போய்விடும் சபதமாக மாறிவிடுகிறது. நிபந்தனையின்றித் திறக்கவேண்டும் என்றது இலங்கை அரசு; உறுதிமொழி வேண்டும் என்றது மறுதரப்பு. இரண்டையும் பிசகின்றி எடுத்துச் சென்றவர்கள், சற்றுப் பிசகி, சற்று மறந்து, கலியாணப் பேச்சில் கலந்து சென்றிருக்கலாகாதா என்று நினைப்பது என் கிராமத்துப் பேதைமையாகவும் இருக்கலாம். அரசின் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கிவிட்ட பின் வட்டவிதானையாரால்தான் என்ன செய்திருக்க முடியும்?

ஆகஸ்ட் 6ஆம் திகதி மதகைத் திறப்பிக்கவென்று ஹென்ரிக்சன் அவ்விடம் சென்றிருந்தபோது, எறிகணைகள் வந்து விழுந்தன. இரண்டு நாளில் மதகைத் திறந்துவிட்டதாகப் புலிகள் அறிவித்தார்கள்; ஆனால் சண்டை நிற்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் ஒரு திசையில் போயிற்று; ஈச்சிலம்பற்றுச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கம் போனார்கள்.