கூடாரத்துக்குள் கீசர்!

டெண்ட் என்றால் மயிலாப்பூர்க்காரனுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, சர்க்கஸ். இன்னொன்று, அப்பா காலத்து டெண்ட் கொட்டாய். தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் தலையைத் திட்டிக்கொண்டே படம் பார்க்கிற இடம். அதனால், 'டெண்ட்ல தங்கப் போறோம், ராத்திரிக்கு 14,000 ரூபாய்' என்று வீட்டில் சொன்னபோது, அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எதுக்குடா? நம்மாத்துக் கூரை ஒழுகறதா?"

இந்தச் சமாசாரத்துக்குப் பெயர் கிளாம்பிங். கிளாமரும் கேம்பிங்கும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை. கேம்பிங் தெரியும்: தரையில் படுப்பது, கொசுவுக்கு ரத்ததானம் செய்வது, விடிந்ததும் சொம்போடு புதர் தேடுவது. அதில் கிளாமர் சேர்ந்தால்? கித்தான் சுவர்தான். ஆனால் உள்ளே பலகை போட்ட தரை, டபுள் கட்டில், ரஜாய், மேஜை விளக்கு. பின்பக்க ஜிப்பைத் திறந்தால் பாத்ரூம், அதில் கீசர்! ராஜாக்களும் வெள்ளைக்கார துரைகளும் இப்படித்தான் ஊர் சுற்றினார்கள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் டில்லி தர்பாருக்கு வந்தபோது டெண்டுகளாலேயே ஓர் ஊரை எழுப்பினார்கள். (நம் தாத்தாக்கள் யாராவது அங்கே தங்கியிருந்தால், குமாஸ்தாவாகத்தான் இருக்கும்.)

நாங்கள் போனது லடாக். பாலைவனம்தான், ஆனால் மலை மேல் இருக்கிற பாலைவனம். மேகங்களை இமயமலை அந்தப் பக்கமே மறித்துவிடுவதால், லே நகரில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 10 சென்டிமீட்டர். நம் சென்னையில் சுமார் 140. ஐப்பசியில் ஒரு நாள் இங்கே கொட்டுகிற மழைதான் அவர்களுக்கு ஒரு வருஷத்து கோட்டா. இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கூட வந்தவன் என் மச்சினன். வயது 26, பழைய மகாபலிபுரம் ரோடில் சாஃப்ட்வேர் கம்பெனி. 1974 வரை டூரிஸ்ட்டுகளுக்குக் கதவே திறக்காத ஊர் லடாக். 2009-ல் 'த்ரீ இடியட்ஸ்' கடைசி சீனில் பாங்காங் ஏரியைக் காட்டினாலும் காட்டினார்கள், இன்று எந்த ஆபீஸிலும் நாலு பேருடைய செல்போனில் அந்த ஏரி நீலமாகப் பளபளக்கிறது. மச்சினனுக்கு ஐந்து நாள் லீவு, முன்னும் பின்னும் சனி ஞாயிறு. விமானத்திலேயே ஆரம்பித்தான்.

"அத்திம்பேர், இறங்கின அன்னிக்கே நூப்ரா போயிடலாம். ரெண்டு நாள் ரெஸ்ட்னு ரூம்ல படுத்துக்கறதுக்கு மயிலாப்பூர்லயே படுத்துக்கலாமே?"

இங்கேதான் நான் கறாராக இருந்தேன். மயிலாப்பூர் கடலுக்குக் கூப்பிடு தூரம். லே 11,500 அடி. டில்லியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். அங்கே நாம் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. உடம்பு அதற்குப் பழக 48 மணி நேரமாவது கொடுக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை எல்லாம் சகஜம். அதை அலட்சியம் செய்து இன்னும் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும். இளவட்டம், ஜிம் பாடி என்றெல்லாம் அது பார்க்காது. டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை உண்டு. அதையும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது.

மச்சினன் ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடுத்த ரூமில் ஒரே இருமல். அன்று காலைதான் லேயில் இறங்கி, மத்தியானமே வாடகை மோட்டார் சைக்கிளில் கர்துங் லா கணவாய்க்கு ஏறிவிட்டு வந்த பையன். இவன் வயசுதான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து மாடிப்படியில் தூக்கி வந்தோம், கால் பக்கம் மச்சினன். நாலு படி இறங்குவதற்குள் எங்களுக்கே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள் விமானத்தில் கீழே டில்லிக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துவிட்டான். அதற்கப்புறம் மச்சினன் டூர் முடிகிறவரை பிளானைப் பற்றி வாயே திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் திறந்தான்.

மூன்றாம் நாள் கர்துங் லா. உலகத்திலேயே உயரமான மோட்டார் ரோடு, 18,380 அடி என்ற பெருமையில் தலைமுறை தலைமுறையாக போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சரியாக அளந்தால் 17,600 அடிக்குக் கொஞ்சம் குறைவு! தவிர, உம்லிங் லாவில் 19,024 அடியில் ரோடு போட்டு 2021-ல் கின்னஸில் ஏறியாகிவிட்டது. இருந்தாலும் டீக்கு அங்கேதான் நல்ல கூட்டம்.

இறங்கினால் நூப்ரா பள்ளத்தாக்கு. திஸ்கித் ஊரில் 106 அடி உயர மைத்ரேய புத்தர் பாகிஸ்தான் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தலாய் லாமா 2010-ல் பிரதிஷ்டை செய்தது. அடுத்து ஹுண்டர். பனி மலைக்கு நடுவில் நிஜமான மணல்மேடு, அதில் இரட்டைத் திமில் ஒட்டகம்! யார்கண்டுக்கும் லேவுக்கும் பட்டுப் பாதையில் மூட்டை சுமந்த பரம்பரை. 1950 வாக்கில் எல்லை மூடியதும் வியாபாரம் போயிற்று, ஒட்டகம் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது நம்மைச் சுமக்கிறது. மூட்டையே தேவலை என்று அதற்குத் தோன்றியிருக்கலாம்.

டெண்ட், படத்தில் பார்த்தபடியே இருந்தது. பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஓடை, சுற்றி பாப்ளர் மரங்கள், சப்பாத்தி, பருப்பு, கேட்டால் தயிர் சாதம்கூட! ராத்திரி விளக்கை அணைத்ததும் வானத்தில் ஊசி குத்த இடமில்லாமல் நட்சத்திரம். இதே லடாக்கில் ஹான்லே என்கிற இடத்தில் 2 மீட்டர் டெலஸ்கோப் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களே, அந்த பெங்களூர் நிறுவனத்தின் மூதாதை எது தெரியுமா? 1792-ல் நம் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடம். இதை மச்சினனிடம் சொன்னேன். "அப்பல்லாம் நுங்கம்பாக்கத்துல நட்சத்திரம் தெரிஞ்சுதா அத்திம்பேர்?" என்றான்.

உறுத்தியது பாத்ரூம்தான். ஷவர், கீசர், ஃப்ளஷ். மழையே இல்லாத ஊரில் ஒரு தடவை கைப்பிடியை அழுத்தினால் பாதிக் குடம் தண்ணீர் போகிறது. தெருமுனையில் லாரிக்குக் குடத்தை வரிசை வைத்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் சும்மா கேட்குமா? பனி உருகி வருகிற ஓடைதான் அங்கே வயலுக்கும் வீட்டுக்கும் எல்லாம். லே ஊரில் ஹோட்டல்கள் பெருகப் பெருக, போர்வெல்லும் பெருகிவிட்டது. தண்ணீர் லாரியும் ஓடுகிறது. பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம்.

கணக்கும் இடித்தது. பி.காம். ஆயிற்றே! இரண்டு ராத்திரிக்கு 28,000. மூன்றாம் ராத்திரி அதே பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். இரண்டு பேருக்கும் சாப்பாட்டோடு 2,400. மரக்கூரை, தரையோடு மெத்தை, வெண்ணெயும் உப்பும் போட்ட டீ (முதல் வாய் ரசம் மாதிரி இருக்கும், மூன்றாவது வாயில் பழகிவிடும்). கழிப்பறை மாடியில். தரையில் ஒரு துவாரம், மூலையில் மண், ஒரு மண்வெட்டி. காரியம் முடிந்ததும் மண்ணை அள்ளிப் போட வேண்டும். சொட்டுத் தண்ணீர் செலவில்லை, நாற்றமும் இல்லை. கீழ் அறையில் மக்கி, வசந்த காலத்தில் வயலுக்கு எருவாகிறது.

உங்களுக்கு வசதியிருந்தால் ஒரு ராத்திரி டெண்டில் தங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் ராத்திரிக்கு என் ஓட்டு அந்த வீட்டுக்குத்தான். சாங்பா என்கிற மேய்ச்சல்காரர்கள் யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரத்தில், குளிர்காலத்து மைனஸ் 30 டிகிரியில், பஷ்மினா ஆடுகளோடு வாழ்கிறார்கள். அவர்களில் பலர் கூடாரத்தை மடித்துவிட்டு லே ஓரமாகக் குடிவந்தாயிற்று. நாம் லீவு போட்டுப் போய்க் கூடாரத்தில் படுக்கிறோம்.

அந்த வீட்டு அம்மாளிடம் என் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தேன். (தி.நகர் ஹிந்தி பிரசார சபா, மத்யமா பாஸ்.) செவாங் நோர்பெல் என்கிற ரிடையர்ட் இன்ஜினீயர் 1987 முதல் ஓடைகளைக் கல் வைத்து மறித்துச் செயற்கைப் பனிப்பாறைகள் உண்டாக்கினார். 2015-ல் பத்மஸ்ரீ. சோனம் வாங்சுக் 2013-லிருந்து, குழாயில் வருகிற தண்ணீரைக் குளிரில் பீய்ச்சவிட்டுக் கோபுரம் மாதிரி உறைய வைக்கிறார். விதைக்கிற சமயம் பார்த்து அது உருகும். அதையெல்லாம் அந்த அம்மாள் பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல எவ்வளவு மழை?" என்று கேட்டாள்.

"இங்கே மாதிரி பதினாலு மடங்கு."

"அப்போ தண்ணிக்குக் கவலையே இல்லை."

மச்சினன் மெல்லச் சொன்னான். 2019-ல் நாலு ஏரியும் வறண்டது, ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது.

அந்த அம்மாள் கையில் டீ சிந்தும்படி சிரித்தாள். ரயிலில் தண்ணீர் வரும் என்பதை அவள் நம்பவேயில்லை. "சரி, அந்த மழையெல்லாம் எங்கே போறது?" என்றாள்.

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"கடலுக்கு" என்றான்.