மலைக்கு வந்தவர்கள்

நாம் ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டது காற்று வாங்குவதற்காகத்தான். அரசியல் வாங்குவதற்காக அல்ல. ஆனால் போளூரில் பஸ் ஏறியதுமே நண்பர் ஆரம்பித்துவிட்டார். ஹிந்தித் திணிப்பில் தொடங்கியவர், மலை வளைவுகள் வருவதற்குள் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீஹார்ப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தார். "பாஷையைத் தடுத்தோம், இந்த வடக்கன்களைத் தடுக்கவில்லையே!" என்பது அவருடைய தாபம்.

பாதி வழி வரையில் நாமும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தோம். சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. முதல் விஷயத்தில் அவரோடு நமக்குத் தகராறு கிடையாது. 1938-லும் 1965-லும் தமிழ் நாடு பட்ட பாட்டை யார் மறக்க முடியும்? ஆட்டத் தொடங்கிய தலை இரண்டாவது விஷயத்துக்கும் சேர்த்து ஆடிவிட்டது.

ஜமுனாமரத்தூரில் ஒரு தேநீர்க் கடை. பக்கத்தில் மலைவாசிப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இம்மலையின் பழங்குடிகளுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். (கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை; பேசுவது தமிழ்தான்.) முன்னோர்கள் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். "நாங்களும் வந்தவங்கதான், சாமி" என்றார் பெரியவர்.

வந்தவர்கள் மட்டுமா? பிழைப்புக்காகப் போகிறவர்களுந்தான். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டு 20 தமிழ்த் தொழிலாளர் மாண்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். மாண்டவர்களில் பலர் இந்த மலையையும் இதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏழைகள்.

அப்போது நமக்கு வேறொரு மலை ஞாபகம் வந்தது. இலங்கை மலைநாட்டில் காப்பியும், பிறகு தேயிலையும் பயிராக்கத் தமிழகத்திலிருந்து போன கூலி ஜனங்களின் சந்ததியாருக்கு, சுதந்திரம் வந்த 1948-ஆம் வருஷத்திலேயே பிரஜா உரிமை பறிபோயிற்று. மறு வருஷம் வோட்டும் போயிற்று. சிங்களத் தலைவர்கள் செய்தது இருக்கட்டும்; தமிழர் கட்சி என்ன செய்தது? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் முதல் மசோதாவை எதிர்த்தவர்தான். மந்திரி பதவி ஏற்ற பிறகோ, அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜா உரிமை மசோதாவை ஆதரித்தார். கட்சி இரண்டாயிற்று. பிரிந்து சென்ற எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது நாளை பாஷை விஷயத்தில் யாழ்ப்பாணத்தானுக்கும் நேரும் என்பதே அவர் வாதத்தின் சாரம். ஏழு வருஷங்கூட ஆகவில்லை. 1956 ஜூனில் சிங்களமே ஆட்சி மொழி என்ற சட்டம் வந்துவிட்டது.

இடதுசாரிகளின் கதை இன்னும் வேடிக்கை. அச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவருடைய பழைய தோழர் பிலிப் குணவர்த்தனாவோ பண்டாரநாயகாவின் மந்திரி சபையில் இருந்தார். சரி, கொல்வினாவது நின்றாரா? 1972-ல் சிங்களத்துக்கே ஆட்சி மொழி ஸ்தானம் அளித்த அரசியல் சட்டத்தைத் தயாரித்த மந்திரி அவரேதான்!

இதற்கிடையே 1964-ல் டில்லியும் கொழும்பும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்ட ஜனங்களைப் பங்கு போட்டன. பங்கு போடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தமிழுக்கும் ஆட்சி மொழி ஸ்தானம் கிடைத்தது 1987-ல். எஞ்சியிருந்தோருக்குப் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது 2003-ல்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். "அது வேறு, இது வேறு" என்றார். பாஷைச் சட்டம் செய்வது டில்லியில் அல்லவா, சாரத்தின் மேல் செங்கல் சுமக்கும் பையன் அதற்கு என்ன செய்வான் என்று கேட்டோம். அதற்கும் ஏதோ பதில் வைத்திருந்தார்.

பெரியவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எம் பேரன் கேரளாவுலே கட்டட வேலை செய்யறான், சாமி. அங்கே அவனைப் பாண்டின்னு கூப்பிடறாங்களாம். பாண்டின்னா என்ன சாமி?"

மலையாளியை மலையாளிகள் பாண்டி என்கிறார்கள்! நமக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஒரு வசைச் சொல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நாம் நண்பரைப் பார்த்தோம். அவர் கடைக்காரரிடம் பெரியவருக்கு இன்னொரு தேநீர் போடச் சொல்லிவிட்டு, எழுந்து போய் பஸ் எப்போது வரும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இறங்கும்போது வழி நெடுக அவர் தூங்கிக்கொண்டே வந்தார். அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.