தும்மலுக்கு அஞ்சிய வீடு

நாங்கள் தாயும் மகளும். உழவர்கரை வீட்டில், மகளுக்குப் பிள்ளைப்பேறு முடிந்ததும் பழைய பருத்திப் புடவையால் வயிற்றை இறுகக் கட்டினோம். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், இடுப்புக்கு வெந்நீர், ஒன்றிலும் குறைவைக்கவில்லை. வயிறு உள்வாங்கிற்றா என்றே வந்தவர் எல்லாரும் கேட்டனர். தும்மும்போது சிறுநீர் கசிவதை யாரும் கேட்கவில்லை; மகளும் சொல்லவில்லை.

சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசில் இருக்கும் சித்தி மகள்தான் கைப்பேசியில் வெகு இயல்பாகக் கேட்டாள்: "அடியிடுப்புத் தசைக்குப் பயிற்சி தொடங்கியாச்சா?" பிரான்சில் 1985 முதல், மகப்பேற்றுக்குப் பின் பத்து அமர்வுப் பயிற்சிக்கு அரசுக் காப்பீடே பணம் தருகிறது. 1954இல் இங்கிருந்து போனவர்கள் இதை நமக்கு விட்டுச்செல்ல வழியில்லைதான்.

சிறுநீரை அடக்குவதுபோல் தசையைச் சுருக்கி, ஐந்து எண்ணி, முழுதும் தளர்த்த வேண்டும், மூச்சை அடக்கலாகாது. புடவைக்கட்டு முதுகுக்கு இதமே தவிர, இத்தசைக்கு வலுவூட்டாது. மிக இறுக்கினால் அதன்மேல் பாரமும் கூடும். கட்டைத் தளர்த்தினோம்.

மருத்துவரிடம் கற்றுவந்து மகள் தொடங்கிய மூன்றாம் நாள், தாயும் அருகில் வந்து படுத்தாள்.

"எனக்கும் முப்பது வருசமா இருக்குடி."

இப்போது இருவரும் சேர்ந்தே எண்ணுகிறோம்.