ஒரு தரம், இரண்டு தரம்...!

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஈபல் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. லூவர் காட்சிசாலையில் மோனா லிஸாவின் புன்னகைக்காக வரிசையில் நிற்கிறார்கள். கால் வலித்தால் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, அந்தக் காப்பியை நம் ஊர்க் காப்பியோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். இன்று நான் உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக் கொள்ளுங்கள். திருடனுக்குப் பயந்து அல்ல. உங்கள் கைக்கே பயந்து! நாம் போவது ஏலச் சாலைக்கு.

முதலில் ஒரு வீட்டைப் பார்த்துவிடுவோம்.

பிளான்ஷ் சதுக்கத்தில் 'மூலான் ரூஜ்' என்ற சிவப்புக் காற்றாலை நிற்கிறதல்லவா? அங்கிருந்து தெற்கே இறங்குகிறது ஃபோன்தேன் தெரு. அதில் 42-ம் எண் வீடு. ஆந்த்ரே பிரெத்தோன் என்ற கவிஞர் 1922 ஜனவரி முதல் தேதி இங்கே குடிவந்தார். யுத்த காலத்தில் அமெரிக்காவில் கழித்த சில வருஷங்கள் நீங்கலாக, 1966-ல் கண் மூடும் வரையில் இதுதான் அவர் வீடு. கனவையும் நனவையும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று 1924-ல் அறிக்கை வெளியிட்டு, 'ஸர்ரியலிஸம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர் இவரே.

கவிஞர் வீட்டில் பணம் இருந்ததோ இல்லையோ, சாமான் இருந்தது. மீரோவும் ஆர்ப்பும் செய்த நவீனச் சித்திரங்கள், சிற்பங்கள். மான் ரே எடுத்த போட்டோக்கள். பசிபிக் தீவுகளின் முகமூடிகள். அவற்றுக்கு நடுவே கூழாங்கற்கள், வண்ணத்துப் பூச்சிகள், பழைய சாமான் சந்தையில் பொறுக்கி வந்தவை. லட்சம் பெறுவதும் காசு பெறாததும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "இத்தனைக்கும் தூசி தட்டினது யார்?" என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. அவருடைய மனைவி எலிஸா, கணவர் போன பிறகும், 2000-ல் தாம் இறக்கும் வரையில், அந்த அறையைப் பெரும்பாலும் அப்படியே காத்து வந்தார்.

அதன் பிறகு பொறுப்பு மகள் ஓபுக்கு வந்தது. இந்த வீட்டை அப்படியே ஒரு காட்சிசாலையாக வைத்துக் காக்க வேண்டும் என்று பல வருஷங்களாகச் செய்த முயற்சி பலிக்கவில்லை. பெரிய சொத்துக்குப் பெரிய வரி. கடைசியில் ஏலம் என்று முடிவாயிற்று.

சரி, நடையைக் கட்டுவோம். அதிக தூரமில்லை. இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது ஓத்தேல் துருவோ. 'ஓத்தேல்' என்றதும் இட்லியை நினைக்க வேண்டாம். இது மாளிகை என்ற பொருளில் வரும் சொல். 1852-லிருந்து இங்கே ஏலம் நடக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1980-ல் திறந்தது. ஏலத்துக்கு முன்னால் சாமான்களைப் பார்வைக்கு வைப்பார்கள். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். முன்பெல்லாம் ஸாவ்வா மலைப் பிரதேசத்து ஆட்கள்தாம் இங்கே சாமான் தூக்குவார்கள். கறுப்புச் சட்டை, சிவப்புக் காலர், அதில் ஆளுக்கு ஒரு எண். 1860-லிருந்து 2010 வரையில் அவர்கள் ராஜ்யம் நடந்தது.

பிரெத்தோனுக்கு இந்த இடம் புதிதல்ல. முதல் உலக யுத்தத்தில் கான்வைலர் என்ற ஜெர்மானியச் சித்திர வியாபாரியின் சரக்கைப் பிரெஞ்சு சர்க்கார் 'எதிரியின் சொத்து' என்று பறிமுதல் செய்து, 1921-லிருந்து 1923 வரையில் இங்கே ஏலம் போட்டது. அங்கே மலிவாக வாங்கியவர்களில் இளைஞர் பிரெத்தோனும் ஒருவர். 1931-ல், நண்பர் எலுவாருடன் சேர்ந்து, தாம் சேர்த்த ஆப்பிரிக்க, அமெரிக்க, பசிபிக் தீவுச் சிற்பங்களை இங்கேதான் விற்றார். வாங்கின இடத்திலேயே விற்றார். விற்ற இடத்துக்கே கடைசியில் வீடு முழுவதும் வந்து சேர்ந்தது.

2003 ஏப்ரல் 7-லிருந்து 17 வரையில் ஏலம் நடந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகள். விலைப்பட்டியலே எட்டுத் தொகுதி! 'ஒரு நூற்றாண்டின் நினைவைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள்' என்று எழுத்தாளர்கள் மனுப் போட்டார்கள். வாசலில் ஆட்சேபம் செய்தவர்கள் பொய் நோட்டு அடித்து விநியோகித்தார்கள். உள்ளே சுத்தியல் விழுந்து கொண்டே இருந்தது. ஏலச் சத்தத்தில் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை. அவர்களும் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்றுதான் சொல்கிறார்கள். மொத்த வசூல் ஏறக்குறைய 4 கோடியே 60 லட்சம் யூரோ.

சித்திரங்கள் போனது பெரிதல்ல. புத்தகங்களை நினைத்தால்தான் மனசு சங்கடப்படுகிறது. நண்பர்கள் முதல் பக்கத்தில் கைப்பட எழுதிக் கொடுத்தவை அவற்றில் ஏராளம். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும், பார்த்திருக்கிறீர்கள். 'இன்னாருக்கு இன்னார் அன்பளிப்பு' என்று ஒரு தேதியும் இருக்கும். அப்படி ஒரு பாத்திரத்தைப் பழைய பித்தளைக் கடையில் கண்டால் கை அதை எடுக்கத் தயங்குகிறதல்லவா? பித்தளைக் கடையில் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. துருவோவிலோ நேர்மாறு, பெயர் இருப்பதால்தான் விலை ஏறுகிறது. அன்புக்கு ஏற்றிய அந்த விலை கூடுதல் மரியாதையா, கூடுதல் அவமானமா? நீங்களே சொல்லுங்கள்.

பிரெத்தோனுக்குப் புத்தகத்தில் போட்டோ சேர்ப்பதில் பிரியம். வர்ணித்து எழுதுவதற்குப் பதில் படத்தையே வைத்து விடுவார். 1928-ல் வந்த 'நாஜா' அப்படிப்பட்டது. 1937-ல் வந்த 'பித்துக் காதல்' என்ற நூலில் மான் ரே, பிராஸாய் ஆகியோரின் படங்கள் இருக்கின்றன. அதன் கடைசி அத்தியாயம் ஒரு கடிதம். 1952-ம் வருஷ வசந்தத்தில் பதினாறு வயதாகப் போகும் ஒரு பெண்ணுக்கு, அவள் எட்டு மாதக் குழந்தையாயிருந்த போதே எழுதியது. அந்தக் குழந்தைதான் ஓபு. தமக்கே கடிதம் எழுதிய தகப்பனாரின் புத்தகங்களைச் சுத்தியலுக்குக் கொடுக்க வேண்டி வந்த மகளை நாம் எளிதில் குறை சொல்லிவிட முடியுமா?

எல்லாமே சிதறிவிடவில்லை. பிரான்ஸில் 1921-லிருந்து ஒரு சட்டம் உண்டு. சுத்தியல் விழுந்தவுடன் சர்க்கார் பிரதிநிதி எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏலம் எடுத்தவர் சொன்ன அதே விலைக்குச் சாமான் தேசத்துக்குச் சேர்ந்துவிடும். பல உருப்படிகள் இப்படிப் பொதுச் சொத்தாயின. பிரெத்தோனின் மேஜைக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் ஏலத்துக்கே வரவில்லை. வாரிசு வரிக்கு ஈடாக, கூழாங்கல் முதல் சித்திரம் வரையில் ஒன்றும் குறையாமல், போம்பிது மையத்துக்குப் போயிற்று. (நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போங்கள். 2025-ல் பெரிய மராமத்துக்காக அந்தக் கட்டடம் மூடப்பட்டது.) மற்றவற்றைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலிருந்தே வலைத்தளத்தில் பார்க்கலாம்.

இன்னொரு பொருளும் ஏலத்துக்குத் தப்பியது. கானடாவின் மேற்குக் கரையில் குவாக்குவாக்கா-வாக்கு என்ற ஆதிக்குடிகள் இருக்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பரிசு கொடுத்து அனுப்பும் 'பாட்லாட்ச்' என்ற விருந்து அவர்கள் வழக்கம். கொடுப்பதே அவர்களுக்குப் பெருமை. அது குற்றம் என்று 1885-லிருந்து 1951 வரையில் அங்கே சட்டம் இருந்தது. 1921-ல் நடந்த ஒரு விருந்துக்குப் பிறகு அதிகாரிகள் முகமூடிகளையும் அணிகளையும் பிடுங்கிக் கொண்டார்கள். அதில் ஒரு தலையணி கை மாறிக் கை மாறி ஃபோன்தேன் தெரு வீட்டுக்கு வந்திருந்தது. விவரம் தெரிந்ததும் ஓபு அதை விற்கவில்லை. 2003-லேயே அந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலாயிரம் பொருள்களுக்கு விலை சொன்ன அதே வருஷத்தில் இந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் விலை சொல்லவில்லை. அடுத்த முறை பரணை ஒழிக்கும்போது, பெயர் வெட்டிய பாத்திரம் ஏதாவது கையில் அகப்பட்டால், பித்தளைக் கடைக்குப் போடுமுன் அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க இன்னும் யாராவது இருக்கலாம்.