மருமகளின் பாஸ்போர்ட்

அன்புள்ள நங்கைக்கு,

2000-களின் நடுவில் கொரியாவின் கிராமத்துச் சாலைகளில் துணிப் பதாகைகள் தொங்கின. ‘வியட்நாம் பெண்ணை மணந்துகொள்ளுங்கள், ஓடிப்போக மாட்டாள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே தரகரின் போன் நம்பர். நான் இங்கே வருவதற்குள் அவற்றை இறக்கிவிட்டார்கள். படத்தில்தான் பார்த்தேன். ஆனால் அந்தப் பதாகையைப் படித்துப் பெண் எடுத்த வீடுகள் அப்படியே இருக்கின்றன. வந்தவள் ஓடிவிடுவாளோ என்ற பயமும் பல வீடுகளில் இன்னும் போகவில்லை.

நாங்கள் இருக்கும் டேகுவிலிருந்து மேற்கே, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், சோங்ஜு என்றொரு வட்டாரம். ‘சாமே’ என்று இவர்கள் சொல்லும் மஞ்சள் முலாம்பழம் கொரியாவில் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சாலையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கூடாரங்கள். பூசணி வேரில் ஒட்டுக்கட்டிய நாற்றைக் கடுங்குளிரில் நட்டு, ராத்திரியில் கொடிக்குப் போர்வை போர்த்தி, காலையில் விலக்கி, வசந்தம் பிறக்கிற நேரத்தில் பழத்தைச் சந்தைக்கு ஏற்றிவிடுகிறார்கள். கொடி தரையில் படர்வதால் எல்லா வேலையும் குனிந்துதான், இல்லையென்றால் குந்திதான். பெண்கள் ஒரு வட்டமான பஞ்சு மணையை இடுப்போடு வாரால் கட்டிக்கொள்கிறார்கள். குந்தினால் அதுவே பலகை, எழுந்தால் கூடவே வரும். மஞ்சள் காட்டில் களை எடுக்கும் நம்மூர் ஆத்தாமார்களுக்கு இதை வாங்கி அனுப்பலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

கொரிய மொழி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அங்கே வாக்கப்பட்டவள். பேரை எழுத வேண்டாம். வியட்நாமின் தெற்கே, மெகாங் ஆறு கிளை கிளையாகப் பிரியும் நெல் நாட்டில் பிறந்தவள். இருபது வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல். அவர் ஒரு வாரப் பயணமாக ஹோசிமின் நகரம் போனார். தரகர் ஓட்டலில் வரிசையாகப் பெண்களைக் காட்டினார். அதே வாரத்தில் தாலி இல்லாத கல்யாணம் முடிந்துவிட்டது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அவள் வீட்டில் நிலம் கொஞ்சம், கடன் நிறைய. அவளே சம்மதித்துத்தான் வந்தாள். “என்னை யாரும் விற்கவில்லை, அக்கா. நான் புறப்பட்டு வந்தேன்” என்று அழுத்திச் சொல்லுவாள். இங்கே பத்திரிகைக்காரர்கள் பரிதாபமாகவே எழுதி எழுதி அவளுக்கு அலுத்துப்போயிருக்கிறது.

ஊர் அவளை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால் அவள் முதலில் சொல்வது பீரோவைப் பற்றி. வந்த மறுநாளே மாமியார் அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். வகுப்புக்கு அனுப்பவில்லை, அங்கே மற்ற வியட்நாம் பெண்கள் ஓடக் கற்றுக்கொடுப்பார்களாம். கையில் காசு தரவில்லை, ஊருக்கு அனுப்பிவிடுவாளாம். தரகருக்குக் கொடுத்த தொகையை வீட்டில் மட்டுமல்ல, ஊர் மன்றத்தில் கூடும் கிழவிகள் நடுவிலும் சொல்லிக் காட்டினார்கள். அங்கே தினமும் மதியம் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துப் பேசுவது பாட்டிமார்கள் வழக்கம். இவள் போனால் எல்லார் கண்ணும் வயிற்றுக்குத்தான் போகும். மீன்சாறு ஊற்றி ஏதாவது வைத்தால் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். இத்தனைக்கும் அவர்கள் கிம்ச்சியில் போடுவதும் புளித்த மீன்தான்.

இந்த ஊர்கள் கெட்ட ஊர்கள் என்று எழுத எனக்கு மனசில்லை. அந்த மாமியாரும் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து முகம் தெரியாத வீட்டுக்கு வந்து, பனியில் ஆற்றில் துணி துவைத்து, கடைசியாகச் சாப்பிட்டு வளர்ந்தவர். பெண் மக்கள் எல்லாரும் மில் வேலைக்கும் படிப்புக்குமாக நகரம் போனார்கள். மூத்த மகனை மட்டும் நிலத்துக்காகவும் முன்னோர் படையலுக்காகவும் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்திய பிறகு அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் இல்லை. எந்தத் தாயும் தன் மகளை விவசாயிக்குத் தர விரும்பவில்லை, இவரும்தான். பெண் பிள்ளை வேண்டாம் என்ற மனசும் உண்டு; அதன் கணக்கு அந்த மகனுக்கு அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1990-ல் கொரியாவில் நூறு பெண் குழந்தைக்கு 116-க்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்தன. வயிற்றில் இருப்பது என்ன என்று மருத்துவர் சொல்லக் கூடாதென்று 1987-லேயே சட்டம் போட்டும் கேட்கவில்லை. நாங்கள் இருக்கும் இந்த கியோங்சாங் பக்கம் அதில் முன்னணி. 1992-ல் சீனாவோடும் வியட்நாமோடும் தூதரக உறவு பிறந்தது. முதலில் சீனாவில் இருந்த கொரிய வம்சப் பெண்கள் வந்தார்கள், பிறகு வியட்நாம். 2006-ல் கல்யாணம் செய்துகொண்ட விவசாய, மீனவ ஆண்களில் நூற்றுக்கு 41 பேருக்கு வெளிநாட்டு மனைவி. உள்ளாட்சிகளே கல்யாணச் செலவுக்குப் பணம் கொடுத்தன.

ஆக, ஊரே சேர்ந்து கூப்பிட்டு வந்தவள்தான். கூப்பிட்டவர்களே ஏன் சந்தேகப்பட வேண்டும்? எனக்குத் தெரிந்த பதில், அவளிடம் தாங்கள் என்ன வாங்கிக்கொள்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உழைப்பு, பிள்ளை, கிழவருக்குப் பணிவிடை, செத்தவருக்குப் படையல், எல்லாம் அவள் தலையில். இவ்வளவு கேட்டுவிட்டுப் பதிலுக்கு எதுவும் தராத வீட்டில் யார் இருப்பார்கள் என்று உள்ளுக்குள் அவர்களே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பீரோவுக்குப் பூட்டு.

சட்டமும் வெகுகாலம் அந்தப் பூட்டுக்குத் துணை நின்றது. முன்பெல்லாம் கொரியனைக் கட்டினால் அந்த நாட்டுக் குடியுரிமையும் சேர்ந்து வரும். 1998-ல் அது மாறி, இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகே விண்ணப்பிக்கலாம் என்றானது. அதுவரை ஒவ்வொரு விசா நீட்டிப்புக்கும் கணவன் உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை போட்ட மறுவாரம் அந்தக் கையெழுத்தைக் கேட்டு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள். அதற்குள் எத்தனையோ நடந்துவிட்டது. 2010-ல் பூசானில் இருபது வயது வியட்நாம் பெண் ஒருத்தி, இறங்கிய எட்டாம் நாள் கணவன் கையால் செத்தாள். அவனுக்கு இருந்த மனநோயை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 2019-ல் யோங்கம் வட்டாரத்தில், இரண்டு வயதுக் குழந்தை அழுதுகொண்டு நிற்க, ஒருவன் மனைவியை அடித்தான். அவள் மறைத்து வைத்த கைபேசியில் அது பதிவாகி நாடெங்கும் பரவியது. கொரியப் போலீஸ் தலைவர் வியட்நாம் அமைச்சரிடம் வருத்தம் தெரிவிக்கும்படி ஆயிற்று. அதே 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. கல்யாணம் முறிந்ததற்கு முக்கியக் காரணம் கணவன் என்று காட்டினால் போதும், அவள் இந்த நாட்டில் இருக்கலாம். அதற்கு முன், தன் பக்கம் துளியும் தவறில்லை என்று காட்டினால்தான் உண்டு என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். எந்தக் குடும்பத்தில் அப்படி ஒருத்தி இருப்பாள்?

இதே நாட்டில்தான் ஓர் அயல்நாட்டு மணப்பெண்ணுக்குக் கல்லறை கட்டிக் கும்பிடுகிறார்கள். கிம்ஹே நகரத்தில் அரசி ஹியோ ஹ்வாங்-ஓக் சமாதி இருக்கிறது. நம் ஊரில் செம்பவளம் என்று பேர் வைத்து, பாண்டிய நாட்டுப் பெண், ஆய் நாட்டுப் பெண் என்று எழுதுகிறார்களே, அவளேதான். அயோத்திக்காரர்களும் உரிமை கேட்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் துறவி இர்யோன் தொகுத்த ‘சாம்குக் யூசா’ நூல் அவள் அயுத நாட்டிலிருந்து கி.பி. 48-ல் கப்பலில் வந்தாள் என்கிறது. எந்த ஊர் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. அந்தக் கதையில் வேறொன்று எனக்குப் பிடிக்கும். கரைக்கு வந்த அமைச்சர்கள் அரண்மனைக்கு வா என்று அழைக்கிறார்கள். முன்பின் தெரியாத உங்கள் பின்னால் எப்படி வருவேன் என்று பதினாறு வயதுப் பெண் மறுத்துவிடுகிறாள். அரசன் சூரோ அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, தானே வெளியே வந்து மலையடிவாரத்தில் கூடாரம் அடித்துக் காத்திருக்கிறான். கிம்ஹே கிம் என்று சொல்லிக்கொள்ளும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அவளைத் தங்கள் பாட்டி என்கிறார்கள். அவள் பிள்ளைகளில் இருவர் தாயின் குலப்பேரையே வைத்துக்கொண்டார்கள் என்பது குல மரபு. என் தோழியின் கணவரும் கிம்ஹே கிம்தான். அந்தக் குலத்தில் வாக்கப்பட்டவள் வியட்நாம் பேச்சில் மகளைக் கொஞ்சினால் வீட்டில் அதட்டினார்கள், குழந்தைக்குக் கொரிய மொழி கெட்டுப்போகுமாம். எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. 2019-ல் இக்சான் நகர மேயர், வெளிநாட்டு மருமகள் வந்த குடும்பங்களுக்கான விழா மேடையிலேயே, கலப்பினத்துக்கு வீரியம் அதிகம் என்று பயிரைச் சொல்வதுபோல் பிள்ளைகளைச் சொன்னார். புகழ்ச்சி என்று நினைத்தாராம். தாய்மார்கள் நகராட்சி வாசலில் திரண்ட பிறகு மன்னிப்புக் கேட்டார்.

என் தோழி இப்போது ஒரு டன் லாரி ஓட்டுகிறாள். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். குடியுரிமை வாங்கிவிட்டாள், வகுப்புக்கும் யாரையும் கேட்காமல் வருகிறாள். இதற்கிடையில் ஊரில் பறிக்கவும் நடவும் ஆளே இல்லாமல் போய்விட்டது. 2015-ல் தொடங்கிய பருவ வேலைத் திட்டத்தில், இப்படி வந்த மருமகள்களின் உறவினர்களைச் சில மாதங்களுக்கு வரவழைக்கலாம். இரண்டு வருடமாக அவள் அண்ணனும் அண்ணியும் வந்து பழம் பறிக்கிறார்கள். உடனே ஊர்த் தலைவர் வீட்டுக்கு வந்து, இன்னும் சொந்தக்காரர் உண்டா என்று கேட்கிறார். மன்றத்துப் பாட்டிகள் அவளுக்கு இடம் ஒதுக்கி உட்கார வைக்கிறார்கள். சில பேர் இதைச் சொல்லி, பார்த்தீர்களா, ஊர் மாறிவிட்டது என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆள் பஞ்சத்தில் வந்த மரியாதை அது. அவளை அன்றைக்குக் காப்பாற்றியது அந்த மரியாதை இல்லை. குடும்பத்துக்குத் தெரியாமல் விடுதலைப் பத்திரம்போல் அவள் வாங்கிய டிரைவிங் லைசென்ஸும், கணவன் கையெழுத்தில்லாமல் நீட்டிக்க முடிந்த விசாவும், இப்படிப்பட்ட குடும்பங்களுக்கான ஆதரவு மையத்திலிருந்து வீட்டுக்கே வந்து பாடம் சொன்ன டீச்சரும்தான்.

இவ்வளவும் எழுதக் காரணம், போன வாரம் போனில் நீங்கள் சொன்ன பக்கத்துத் தோட்டத்து மருமகள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தரகர் மூலம் கொண்டுவந்தது, என்ன ஆளுகளோ தெரியாது, அதனால் சீருக்குக் கூப்பிடவில்லை என்றீர்கள். நாற்பது வயது வரை அந்தப் பையனுக்கு ஏன் பெண் கிடைக்கவில்லை, நங்கை? நம் பக்கம் ஸ்கேன் பார்த்துக் கலைத்த கதை உங்களுக்கும் எனக்கும் தெரியும். பிறந்த பெண்களைத் தோட்டத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம் என்று நகரத்துக்கு அனுப்பியதும் தெரியும். என்னை அப்பா படிக்க வைத்ததே அதற்காகத்தான். அவள் தேங்காயெண்ணெயில் தாளிக்கிறாள் என்று சிரித்தீர்கள். நானும் இங்கே ரசம் வைத்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

அவளைச் சீருக்குக் கூப்பிடுங்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் சில விஷயம் விசாரித்து எழுதுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்தார்களா? 2009 சட்டப்படி நம் மாநிலத்தில் அது கட்டாயம். ரேஷன் கார்டில் அவள் பேர் ஏறியதா, ஆதார் அட்டை யார் கையில் இருக்கிறது? மாட்டைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது அவள்தான் என்றீர்கள், பால் பணம் யார் கணக்குக்குப் போகிறது? தோட்டத்துப் பேரில் கடன் வாங்கப்போகிறார்கள் என்றும் சொன்னீர்கள். பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குவதானால், அதற்கு முன் யாராவது அதை மலையாளத்தில் முழுசாகப் படித்துச் சொல்லட்டும்.