பெடல் இறங்குதா? புதுப்பேட்டைக்கு வாங்க!

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து கூவம் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தாலே, புதுப்பேட்டை வந்துவிட்டது என்று மூக்கு சொல்லிவிடும். பழைய ஆயில், துரு, வெல்டிங் புகை, டீக்கடை இஞ்சி எல்லாம் கலந்த வாசனை. ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் கார் கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. பம்பர்கள் கயிற்றில் தொங்குகின்றன. கியர் பாக்ஸ்கள் பிளாட்பாரத்தில் வரிசைகட்டி உட்கார்ந்திருக்கின்றன.

‘புதுப்பேட்டை’ என்றதும் 2006-ல் வந்த செல்வராகவன் படம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது உதிரிப் பாகங்களின் ஊர். கம்பெனியே கைவிட்ட வண்டிக்கும் இங்கே ஒரு நட்டாவது கிடைக்கும்.

அப்படி ஒரு சந்தில், வெள்ளை அம்பாசடர் ஒன்று பின்பக்கம் தூக்கப்பட்டு ஸ்டாண்டில் நிற்கிறது. பக்கத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரும் அவருடைய மகனும். வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போவதாகத் திட்டம். சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது இன்ஜின் வேலை. இறங்குவது பிரேக் வேலை. சிக்கலே அங்கேதான்.

“ஒரு மிதி மிதிச்சா பெடல் பாதிக்கு மேல போயிடுதுப்பா. ரெண்டாவது மிதியிலதான் பிடிக்குது” என்கிறார் பெரியவர்.

“பிரேக் ஆயில் ஊத்திக்கிட்டே ஓட்டுனீங்களா ஐயா?” என்று கேட்கிறார் மெக்கானிக்.

“வாரத்துக்கு ஒருதடவை கொஞ்சம் ஊத்துவேன். பழைய வண்டி, குடிக்கத்தானே செய்யும்?”

“பெட்ரோலைத்தான் ஐயா வண்டி குடிக்கும். பிரேக் ஆயிலைக் குடிக்காது. லைனிங் தேஞ்சா டப்பால மட்டம் மெதுவா இறங்கும். வாரா வாரம் இறங்குதுன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.”

ஒரு துளி ஒழுகினால் நாலும் போச்சு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் அம்பாசடர். 1950-களின் கடைசியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். இரும்புக் குழாய் வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் அந்த அழுத்தம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும். அங்கே இருக்கும் வீல் சிலிண்டர் இரண்டு பிரேக் ஷூக்களை வெளியே தள்ளும். அவை சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரச, வண்டி நிற்கும்.

இன்றைய கார்களில் இந்த ஆயில் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். பழைய அம்பாசடர்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பாதை. ஒரு இணைப்பு பிய்த்துக்கொண்டால் நாலு பிரேக்கும் போய்விடும். கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான் மிச்சம். ஏற்காடு மலையில் அதை நம்பி இறங்க முடியாது.

துணியால் துடை, அப்புறம் பார்

மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. துணியைத்தான் எடுத்தார். குழாய், நட், ஹோஸ் என்று எல்லா இணைப்புகளையும் ஈரமில்லாமல் துடைத்தார். பிறகு பெரியவரின் மகனை உள்ளே உட்காரவைத்து, “தம்பி, பெடலை நல்லா அழுத்திப் பிடிங்க, விடாதீங்க” என்றார். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். இடது பின்சக்கரத்தில், வீல் சிலிண்டருக்குள் குழாய் நுழையும் நட்டின் ஓரத்தில் ஒரு முத்து எட்டிப் பார்த்தது.

விரலால் தொட்டுப் பார்த்தார். பின்சக்கரத்தில் ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆக்ஸில் சீல் போயிருந்தாலும் ஆயில் வரும். அது கெட்டியாக, காரமான வாடையோடு இருக்கும். பிரேக் ஆயில் தண்ணீர்போல மெலிதாக, வழவழவென்று இருக்கும். இது பிரேக் ஆயில்தான்.

“நட்டை இன்னும் ரெண்டு சுத்து டைட் பண்ணிட்டா போதும்ல அண்ணே?” என்கிறார் மகன். அவருக்குச் சனிக்கிழமை பற்றிய கவலை.

“யாரோ ஏற்கெனவே அப்படித்தான் பண்ணியிருக்காங்க தம்பி. அதனாலதான் ஒழுகுது” என்றபடி நட்டைக் கழற்றிக் காட்டினார்.

குழாயின் நுனி புனல்போல விரிக்கப்பட்டிருக்கும். அந்த விரிந்த வாய்தான் நட்டின் அழுத்தத்தில் இருக்கையோடு ஒட்டி ஆயிலை அடைக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் வாய் நசுங்கி விரிசல் விடும். இந்தக் குழாயில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். துரு வேறு. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் குழாயை அளவுக்கு வெட்டினார். முதலில் நட்டைக் கோத்துவிட்டு, அதற்கான கருவியில் நுனியை இரண்டாக மடித்து விரித்தார். நட்டைக் கோக்க மறந்துவிட்டு வாயை விரித்தால், மறுபடி வெட்டித்தான் ஆகவேண்டும். ஹோஸ் பக்கம் இருந்த செம்பு வாஷரும் மாறியது. ஒருமுறை நசுங்கிய வாஷர் அடுத்தமுறை சரியாக அடைக்காது.

இரும்பு பழசா இருக்கலாம், ரப்பர் கூடாது

டிரம்மைக் கழற்றியபோது இன்னொரு பிரச்னை. வீல் சிலிண்டரின் ரப்பரும் கசிந்து, ஒரு ஷூ முழுக்க ஆயில் ஊறியிருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்ததற்குக் காரணம் இதுதான்.

“பெட்ரோல்ல கழுவி, காயவெச்சு மாட்டிடலாமா?” என்று பெரியவர் கேட்க, மெக்கானிக் தலையாட்டி மறுத்தார். லைனிங்குக்குள் ஊறிய ஆயில், சூடேறும்போது மறுபடி வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போட்டாலும் வண்டி இழுக்கும். அதனால் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிரம்முக்குள் இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

புதுப்பேட்டையில் பழைய டிரம் கிடைக்கும், பழைய ஆக்ஸிலும் கிடைக்கும். ஆனால், அந்தச் சந்தில் ஒரு விதி உண்டு. “இரும்பு பழசா இருக்கலாம் சார். ரப்பர் பழசா இருக்கக் கூடாது.” வீல் சிலிண்டர் ரப்பரும் ஹோஸும் எப்போதும் சீல் பிரிக்காத புதுசுதான். பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்க குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். மலையில் தொடர்ந்து மிதித்து டிரம் கொதிக்கும்போது ஆயிலுக்குள் குமிழ் வரும். பெடல் பஞ்சாகிவிடும்.

பம்ப்… பிடி… விடாதே!

அடுத்தது ஏர் எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்தார். நிப்பிளில் ஒரு டியூப், அதன் மறுமுனை ஆயில் பாட்டிலுக்குள். “பம்ப் பண்ணுங்க… பிடிங்க… விடாதீங்க!” நிப்பிளைத் திறந்ததும் பாட்டிலில் குமிழ்கள். மூடிய பிறகுதான் மகன் காலை எடுக்க வேண்டும். குமிழ் நிற்கும்வரை இதே வேலை, நான்கு சக்கரத்துக்கும். நடுவில் டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் பெரியவர் பார்த்துக்கொண்டார்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இறங்கவில்லை. நட்டும் காய்ந்தே இருந்தது.

“அப்போ சனிக்கிழமை கிளம்பலாம்ல?” என்றார் மகன்.

“வேணாம் தம்பி. ஒரு வாரம் ஊருக்குள்ளயே ஓட்டுங்க. ராத்திரி நாலு சக்கரத்துக்குக் கீழயும் பேப்பர் விரிச்சு வைங்க. ஒரு பொட்டு விழுந்தாலும் வண்டியைக் கொண்டாங்க. விழலைன்னா அடுத்த சனிக்கிழமை போங்க. இறங்கும்போது செகண்ட் கியர்ல இறங்குங்க. காலை பிரேக்லயே வெச்சுக்கிட்டு வராதீங்க.”

மகன் அப்பாவைப் பார்த்தார். பெரியவர் செல்போனை எடுத்து, ஏற்காட்டில் புக் செய்திருந்த அறையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னார்.

புதுப்பேட்டைக்குப் போகிறீர்களா?

* கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே காரிலும் மாடலுக்கு மாடல் நட்டின் மரை மாறும்.
* முதல் கடையிலேயே வாங்காதீர்கள். நாலு கடை ஏறி இறங்கினால் விலையும் தெரியும், தரமும் தெரியும்.
* பிரேக் சம்பந்தப்பட்ட ரப்பர், ஹோஸ், ஆயில் எதையும் பிரித்த பாக்கெட்டில் வாங்காதீர்கள்.
* பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். பாடியில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.
* சந்துகள் குறுகலானவை. பார்க்கிங் கஷ்டம். பொருள் வாங்க மட்டும் என்றால், எழும்பூர்வரை ரயிலிலோ மெட்ரோவிலோ வந்து நடந்துபோவதே சுலபம்.