ராஜராஜன் வைத்த பேரேடு

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று காரியம் செய்வார்கள். அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். நந்திக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். 'கோபுரத்து நிழல் தரையிலே விழாதாம்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள், அந்த நிழலிலேயே நின்றுகொண்டு!

நாலாவது காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. அண்ணாந்தது போதும், கொஞ்சம் குனியுங்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரிவரியாக எழுத்து. தமிழ்தான். ஆனால் ஆயிரம் வருஷத்துத் தமிழ் எழுத்து. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. சட்டென்று வாசிக்க வராது. கல்வெட்டுத் துறையினர் அச்சிட்ட பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தால் சமாசாரம் புரியும்.

நான் பி.காம்., சார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்தல புராணம் என்று நினைத்தால், இது லெட்ஜர்! 1010-ல் கோயில் எழும்பியதும், தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டான் ராஜராஜன். நகைகளின் எடையை எழுதும்போது நூல், சட்டம், செப்பாணி நீங்கலாக என்று சேர்த்து எழுதியிருக்கிறான். நம்ம ஊர் நகைக்கடைக்காரர்கள் கவனிக்க!

கோயில் பணத்தைக் கிராம சபைகள் கடனாக வாங்கியிருக்கின்றன. வட்டி காசுக்கு அரைக்கால் காசு. அதாவது வருஷத்துக்குப் பன்னிரண்டரை சதவீதம். பர்சனல் லோன் விளம்பரங்களில் நாம் பார்க்கிற வட்டியும் இந்த அக்கம்பக்கம்தான். போன் பண்ணி உயிரை வாங்குகிற ஆள் மட்டும் அன்றைக்கு இல்லை.

இன்றைக்கு ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு. அன்றைக்கு ஒரே ஒரு விளக்குக்கு 96 ஆடு! ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆட்டுக்கு அந்தக் காலத்துப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா என்ன? செத்தாலும் கணக்கில் 96 குறையக் கூடாது. அசலில் கை வைக்காதே, வட்டியில் விளக்கை எரி. ஃபிக்சட் டெபாசிட் தத்துவம் வேறென்ன?

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு விசேஷச் செய்தி. ஆடல் மகளிர் 400 பேரைச் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து தஞ்சைக்கு மாற்றல் செய்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்கிற விலாசமும் கல்லில் உண்டு. தலைக்கு வருஷச் சம்பளம் 100 கலம் நெல். கணக்குப் போட்டால் நாளைக்கு மூன்று குறுணிக்கு மேல் வருகிறது. கணக்கர், தையற்காரர், நாவிதர், தச்சர் என்று மற்ற பட்டியலும் நீளம். ஒருவர் இறந்துவிட்டால் நெருங்கிய உறவினருக்கு அந்த வேலை. அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஆள். கருணை அடிப்படை நியமனம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

ஆனால் அந்த 400 பெண்களும் விரும்பி வந்தார்களா? அதற்கு இந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.

இன்னொரு வரியில் என் சிரிப்பு நின்றுபோனது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி கிடையாத நிலங்கள் எவை என்று எழுதியிருக்கிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால்... கூடவே பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு. குளத்தையும் வாய்க்காலையும் எழுதிய அதே கையால், அதே நிதானத்தோடு எழுதியிருக்கிறார்கள். மறைக்க வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. செத்த பிறகும் தனி இடம்.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்று சொல்லத்தான் ஆசை. 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் 2019-ல் வாணியம்பாடி பக்கத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழி அடைபட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்களே!

'அது பொற்காலம், இப்போ என்ன இருக்கு?' என்று பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. 'கரண்ட் இல்லாத காலம்' என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு கோஷ்டியையும் ஒருநாள் ராத்திரி எழும்பூரில் ரயில் ஏற்றி, காலையில் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தலாம்.

உழக்கு போய் லிட்டர் வந்தது. காசு போய் ரூபாய் வந்தது. ஆடு போய் பல்பு வந்தது. அத்தனை கணக்கையும் நேர் செய்துவிட்டோம். அந்தச் சுடுகாட்டுக் கணக்கை மட்டும், புது வருஷத்து நோட்டுப் போடும்போதெல்லாம், 'முன் பாக்கி' என்று முதல் வரியில் எழுதிக்கொண்டே வருகிறோம்.